எம்சிடி ஆயில் வாங்கணுமா, செக்குத் தேங்காய் எண்ணெயே போதுமா?

கேள்வி: சார், என் வீட்டுக்காரர் ஜிம்முக்குப் போறாரு. அங்க கோச், எம்சிடி ஆயில் வாங்கி காலைல காபில ஊத்திக் குடிங்க, வெயிட் குறையும்னு சொல்லிருக்காரு. ஆன்லைன்ல பாத்தா அரை லிட்டரே ஆயிரம் ரூபாய்க்கு மேல காட்டுது. மாமியார் என்னன்னா, அதெல்லாம் நம்ம செக்கு எண்ணெய்லயே இருக்கு, தினம் ரெண்டு ஸ்பூன் வெறும் வயித்துல குடிச்சா போதும்ங்கறாங்க. அவருக்கு எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், 150 இருக்கு. எதை வாங்கறது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. எம்சிடின்னா நடுத்தர நீளச் சங்கிலி உள்ள கொழுப்பு. போன மாசம் நானே ரெண்டையும் தனித்தனி டம்ளர்ல ஊத்தி ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சேன், காலைல தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கல்லாட்டம் உறைஞ்சு கிடக்கு, எம்சிடி தண்ணி மாதிரி அப்படியே இருக்கு. காரணம் கார்பன் கணக்குதான். நல்ல எம்சிடி ஆயில்ல இருக்கறது 8, 10 கார்பன் உள்ள கொழுப்பு அமிலம், அது குடல்லேருந்து நேரா கல்லீரலுக்குப் போய் சீக்கிரம் எரியும், கொஞ்சம் கீட்டோனாவும் (கொழுப்பு எரியறப்போ கல்லீரல் உண்டாக்கற எரிபொருள்) மாறும். தேங்காய் எண்ணெய்ல கிட்டத்தட்ட பாதி 12 கார்பன் லாரிக் அமிலம். அதையும் நடுத்தரக் கொழுப்புன்னு கணக்குல சேத்துதான் "60% எம்சிடி"ன்னு விளம்பரம் பண்றாங்க, ஆனா உடம்புக்குள்ள அதுல பெரும்பகுதி நீளக் கொழுப்பு போற நிணநீர் வழியிலதான் போகுது. 8, 10 மட்டும் எண்ணினா 15% கூட தேறறது கஷ்டம்.

சரி, வெயிட் குறையுமா? 2015ல 13 ஆய்வைச் சேத்துப் பாத்தாங்க, சராசரியா அரை கிலோதான் வித்தியாசம். அதுவும் சாப்பிடற மத்த கொழுப்பை எடுத்துட்டு அந்த இடத்துல எம்சிடி குடுத்தப்போ. உங்க வீட்டுக்காரர் வழக்கமான சாப்பாட்டையும் சாப்பிட்டு காபில ஒரு பெரிய ஸ்பூன் ஊத்துனா தினம் 115 கலோரி மாதிரி கூடத்தான் செய்யும், கோச் இதைச் சொல்லாம விட்டது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

மாமியார் சொல்றது இன்னும் வேண்டாம். 2020ல 16 ஆய்வைத் தொகுத்துப் பாத்ததுல, மத்த தாவர எண்ணெய்களோட ஒப்பிட்டா தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை 10 மி.கி. அளவுக்கு ஏத்துது. 150 இருக்கறவருக்கு வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூன் எதுக்கு? அவியலுக்கு மேல வாசனைக்குக் கொஞ்சம் ஊத்திக்கறதை நான் தடுக்கல.

என்னைக் கேட்டா ரெண்டுமே வாங்காதீங்க, அந்தக் காசுல கடலை, பயறு, பழம் வாங்குங்க. எம்சிடி நிஜமா உதவறது கொழுப்பு செரிக்காத நோயாளிகளுக்கும் மருந்துக்கு அடங்காத வலிப்பு இருக்கற சில குழந்தைகளுக்கும், வலிப்புக்கு 1971லேருந்தே குடுக்கறாங்க, அதுவும் டாக்டர் அளந்து குடுக்கறது.

அவர் கேக்கவே மாட்டேங்கறாருன்னா லேபிளைத் திருப்பிப் பாருங்க, சி8, சி10 எத்தனை கிராம்னு தனித்தனியா போட்டிருக்கணும், சி12 கலந்திருந்தா அந்த விலை குடுக்காதீங்க. முதல்ல ஒரு டீஸ்பூன், சாப்பாட்டோட. எடுத்த எடுப்புல ரெண்டு மூணு ஸ்பூன் குடிச்சா வயித்தைப் பிடிச்சு இழுத்து பேதியாகும். தாளிக்க, பொரிக்க ஆகாது, சீக்கிரம் புகையும். சுகரோ கல்லீரல் கோளாறோ இருந்தா டாக்டரைக் கேக்காம பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.