பேசுகிறவர் யார், கையெழுத்துப் போடுகிறவர் யார்?

கேள்வி: ஃபார்முலா 1 பந்தயங்களை இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். டயர், பிட் ஸ்டாப், அபராத நொடிகள் எல்லாம் பிடிபட்டுவிட்டன. ஆனால் 'எஃப்.ஐ.ஏ. தலைவருக்கு எதிராக அணிகள் போர்க்கொடி', 'தனித் தொடர் தொடங்க முடிவு', 'அணித் தலைவர் பதவிக்கு ஆபத்து' என்றெல்லாம் செய்தி வரும்போது எதை நம்புவது என்று தெரியவில்லை. அதிகாரம் உண்மையில் யாரிடம் இருக்கிறது? எந்தச் செய்தியைப் பொருட்படுத்த வேண்டும்?

பதில்: யார் என்ன சொன்னார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சம்பந்தப்பட்டவரின் நாற்காலியை அசைக்கக்கூடிய ஓட்டோ பங்கோ யாரிடம் இருக்கிறது, நடப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். பாதிச் செய்திகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

ஃபார்முலா 1-இல் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை. விதிகள், பாதுகாப்பு, நடுவர்கள் ஆகியவை சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் கையில். ஒளிபரப்பு, பந்தயம் நடத்தும் ஊர்களோடு பேரம், அணிகளுக்கான பங்குத்தொகை ஆகியவை வணிக உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் கையில். 2017 முதல் அது அமெரிக்காவின் லிபர்ட்டி மீடியாவுக்குச் சொந்தம். இந்த வணிக உரிமையை எஃப்.ஐ.ஏ. 2001-இல் 100 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டது. கிடைத்தது சுமார் 31 கோடி டாலர். லிபர்ட்டி வாங்கியபோது கடனையும் சேர்த்து அதே தொழிலுக்குப் போடப்பட்ட மதிப்பு 800 கோடி டாலர். எஃப்.ஐ.ஏ.வுக்கும் வணிகத் தரப்புக்கும் இடையே அவ்வப்போது வெடிக்கும் உரசல்களுக்கு அடியில் இந்தக் கணக்கும் கிடக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டு தரப்பும் சம்மதித்தால்தான் காரியம் நடக்கும் என்பதற்கு ஆண்ட்ரெட்டி விவகாரம் நல்ல பாடம். புதிதாகச் சேர விண்ணப்பித்த அந்த அமெரிக்க அணிக்கு 2023 அக்டோபரில் எஃப்.ஐ.ஏ. பச்சைக்கொடி காட்டியது. 'புதிய அணி வருகிறது' என்று பலரும் கொண்டாடினார்கள். 2024 ஜனவரியில் வணிகத் தரப்பு முடியாது என்றுவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் முன்னால் வந்து, அணி காடிலாக் என்ற பெயரில் நின்ற பிறகுதான், 2025 மார்ச்சில் இறுதி அனுமதி கிடைத்தது. ஆகவே ஒரு தரப்பு மட்டும் ஒப்புக்கொண்ட செய்தியைப் பாதிச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எஃப்.ஐ.ஏ. தலைவரை அணிகளால் இறக்க முடியுமா? நேரடியாக முடியாது. அந்தத் தேர்தலில் அணிகளுக்கும் ஓட்டு இல்லை, வீரர்களுக்கும் இல்லை. உலகம் முழுவதும் உள்ள உறுப்பு அமைப்புகளுக்குத்தான் ஓட்டு. அவற்றில் பல, பந்தயத்தோடு பெரிய தொடர்பில்லாத சாதாரண வாகன ஓட்டிகளின் சங்கங்கள். 2008-இல் அப்போதைய எஃப்.ஐ.ஏ. தலைவர் மேக்ஸ் மோஸ்லியின் அந்தரங்க விவகாரம் பத்திரிகையில் வெளியாகி, பெரிய கார் நிறுவனங்களே அவரை வெளிப்படையாகக் கண்டித்தன. அவர் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். ஜூன் மாதம் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 103-க்கு 55 என்று ஜெயித்தார். பந்தயக் களத்தில் கேட்ட சத்தம் வாக்குப்பெட்டிக்குள் போகவில்லை.

2025 தேர்தல் இன்னும் சுவாரசியம். தலைவர் பதவிக்கு நிற்பவர் ஒவ்வொரு கண்டத்திலிருந்தும் துணைத் தலைவர்களைத் தம் பட்டியலில் காட்ட வேண்டும். அதற்குத் தகுதி பெற்றவர்களில் தென் அமெரிக்காவிலிருந்து ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பதவியிலிருந்த தலைவர் முகமது பின் சுலாயிம் பக்கம். அவ்வளவுதான், வேறு யாராலும் பட்டியலை நிரப்ப முடியவில்லை. எதிர்த்து நிற்க முன்வந்த டிம் மேயர் விலகினார். லாரா வில்லார்ஸ் பாரிஸ் நீதிமன்றம் போனார். தேர்தலை நிறுத்த முடியவில்லை. டிசம்பரில் பின் சுலாயிம் போட்டியின்றி மீண்டும் தலைவரானார். ஆண்டு முழுவதும் வீரர்களின் அதிருப்தி தலைப்புச் செய்தியாக இருந்தது. முடிவை எழுதியதோ விதிப்புத்தகத்தின் ஒரு ஷரத்து. இது நியாயமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் செய்தி படிக்கிறவர் அந்த ஷரத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

அடுத்தது, அணிகளின் 'தனிக்குடித்தனம்' மிரட்டல். இங்கேதான் காலண்டரை எடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஏ., வணிகத் தரப்பு, அணிகள் ஆகிய மூவரையும் கட்டிப்போடுவது கான்கார்ட் ஒப்பந்தம். முதல் ஒப்பந்தமே 1981-இல் இப்படி ஒரு சண்டைக்குப் பிறகு பிறந்ததுதான். அந்தச் சண்டையால் அந்த ஆண்டு கயலாமியில் நடந்த தென்னாப்பிரிக்கப் பந்தயத்துக்குச் சாம்பியன்ஷிப் புள்ளிகளே கிடையாது. 2009 ஜூனில் ஃபெராரி, மெக்லாரன் உட்பட எட்டு அணிகள் தனித் தொடர் தொடங்கப்போவதாக அறிவித்தன. மோஸ்லி கொண்டுவந்த 4 கோடி பவுண்டு செலவு வரம்பு அப்போதைய வெளிப்படையான காரணம். பழைய கான்கார்ட் 2007 இறுதியிலேயே காலாவதியாகியிருந்தது என்பதைக் கவனியுங்கள்; அணிகளைப் பிடித்து நிறுத்தும் கயிறு தளர்ந்திருந்தது. ஒரு வாரத்துக்குள் சமரசம். மோஸ்லி மறுபடி போட்டியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஓட்டில் அசையாதவர் பேரத்தில் அசைந்தார். அக்டோபரில் நடந்த தலைவர் தேர்தலில் அவர் ஆதரித்த ஜான் டோட் 135-க்கு 49 என்று ஜெயித்தது தனிக்கதை.

நிஜமாகவே பிரிந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். இண்டியானாபோலிஸ் பந்தயக் களத்தின் தலைவர் டோனி ஜார்ஜ் 1996-இல் தனித் தொடர் தொடங்கி, அங்கே நடக்கும் இண்டி 500 பந்தயத்தின் 33 இடங்களில் 25-ஐத் தம் தொடரின் அணிகளுக்கே ஒதுக்கினார். எதிர்த்தரப்பான, ஏற்கெனவே இருந்த கார்ட் தொடரின் அணிகள் அதே நாளில் மிச்சிகனில் வேறு 500 மைல் பந்தயம் நடத்தின. இரண்டும் மறுபடி ஒன்றானது 2008-இல். அதற்குள் ரசிகர்களும் விளம்பரதாரர்களும் நாஸ்கார் என்ற வேறொரு கார் பந்தயத் தொடரின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஃபார்முலா 1 முதலாளிகள் யாருக்கும் இது தெரியாததல்ல. மிரட்டல் கடைசிப் படியில் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அணித் தலைவர் விஷயம் எளிது. பங்குகளைப் பாருங்கள். 2024 மார்ச்சில் ரெட் புல் வீரர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனின் தந்தையே, அணித் தலைவர் கிறிஸ்டியன் ஹார்னர் நீடித்தால் ரெட் புல் அணி உடைந்துபோகும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது ரெட் புல் நிறுவனத்தின் 51 சதவீதம் தாய்லாந்தின் யூவித்யா குடும்பத்திடமும், 49 சதவீதம் ஆஸ்திரிய மாத்தஷிட்ஸ் குடும்பத்திடமும் இருந்தது; முடிவு அவர்கள் கையில், வீரரின் தந்தை கையில் அல்ல. ஹார்னர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டது 2025 ஜூலையில்தான், அதுவும் அணி ஆட்டம் கண்ட ஒரு பருவத்தின் நடுவில். இடையில் வந்த 'இந்த வாரம் போய்விடுவார்' செய்திகளைப் படித்தவர்களுக்கு நேரம்தான் விரயம்.

இப்போதைய நிலவரம்: புதிய கான்கார்ட் 2030 வரை ஓடுகிறது. அதனால் 2028 வரை தனித் தொடர் வதந்திகளைச் சட்டை செய்யாதீர்கள். 2029-இல் வந்தால் உட்கார்ந்து படியுங்கள். அதுவரை கண் வைக்க வேண்டியது என்ஜின் விதிகள்மேல். பின் சுலாயிம் பழைய எட்டு சிலிண்டர் வி8 என்ஜினைத் திரும்பக் கொண்டுவர விரும்புகிறார். 2026-க்கான புதிய என்ஜினில் பெரும்பணம் போட்ட நிறுவனங்கள் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. அந்தச் செய்தி வரும்போது, எத்தனை என்ஜின் நிறுவனங்கள் சம்மதித்தன என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.