கபாலா அன்றாட வாழ்க்கைக்குப் பயன்படுமா?

யூத மறைஞானமான கபாலா, துறவை நாடாத சாதாரண மனிதருக்கு ஏதேனும் சொல்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யூதன் அல்லன்; சமய வரலாற்றைத் தொடர்ந்து வாசிப்பவன் என்ற அளவிலேயே விடை சொல்கிறேன். என் பார்வையில், கபாலா முதன்மையாகப் பேசுவதே இல்லறத்தாரிடம்தான். யூத மறைஞானிகள் பெரும்பாலும் மணம் புரிந்து, தொழில் செய்து, தோரா என்ற யூத மறைநூலின் கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்கள். ஆகவே புதிய செயல்களைக் கற்பிப்பதைவிட, அன்றாடம் செய்துவரும் செயல்களை எந்த உள்நோக்குடன் செய்வது என்பதையே அவர்கள் பெரிதும் ஆராய்ந்தார்கள். அந்த உள்நோக்கைக் 'கவானா' என்பார்கள்.

இதற்கு அடிப்படையான கோட்பாட்டை வகுத்தவர், 1570இல் இன்றைய இஸ்ரேலின் வடபகுதியான கலிலேயாவின் சஃபேத் நகருக்கு வந்து, 1572இல் அங்கேயே மறைந்த ஐசக் லூரியா. வணிகத்திலும் ஈடுபட்டிருந்த அவர் எழுதி வைத்தது மிகக் குறைவு. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவருடைய சீடர் ஹயீம் விட்டல் பதிவு செய்ததே. உலகைப் படைக்க இறைவன் தன்னைச் சுருக்கி இடம் ஒதுக்கினான் என்றும், இறையொளியைத் தாங்க முடியாமல் அதை ஏந்திய கலங்கள் உடைந்தன என்றும், சிதறிய ஒளிப்பொறிகள் பருப்பொருள்களுக்குள் சிக்கியிருக்கின்றன என்றும் லூரியா போதித்தார். அப்பொறிகளை மீட்டு உயர்த்துவது மனிதனின் கடமை, அதுவே 'திக்குன்'. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்ட துயரத்தின் எதிரொலியாக இக்கோட்பாட்டை இருபதாம் நூற்றாண்டின் கபாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் விளக்கினார்; பின்வந்த ஆய்வாளர் சிலர் அதை ஏற்கவில்லை. எப்படியாயினும், ஆசிமொழி சொல்லி ரொட்டியைப் பிட்டு உண்பதும் பிரபஞ்சத்தைச் சீர்செய்யும் பணியில் சேர்ந்துவிடுகிறது.

நடைமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஓமர் எண்ணிக்கை. எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பெசாக் பண்டிகையின் இரண்டாம் இரவு தொடங்கி, தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷாவுவோத் பண்டிகை வருவதற்கு முன்னுள்ள 49 நாள்களை, ஒவ்வோர் இரவும் ஆசிமொழியுடன் எண்ண வேண்டும் என்பது பழைய விதி. கபாலா வரிசைப்படுத்தும் பத்து இறைப்பண்புகளில் கீழுள்ள ஏழு பண்புகளையும் ஒன்றோடொன்று இணைத்து, ஏழு வாரங்களின் ஏழு நாள்களுக்கும் ஓர் இணை வீதம் கபாலா மரபு வகுத்துக் கொடுத்தது. முதல் வாரம் கருணைக்கு உரியது. அதன் இரண்டாம் நாள், கருணைக்குள் அடங்கிய கட்டுப்பாடு. எட்டாம் நாள் இது தலைகீழாகி, கட்டுப்பாட்டுக்குள் அடங்கிய கருணை ஆகிறது. இதைத் தன்னாய்வாகக் கடைப்பிடிப்பவர், பிள்ளைக்குக் கேட்டதையெல்லாம் வாங்கித் தருவது அன்புதானா என்று ஒரு நாளும், அதே பிள்ளையைக் கண்டித்தபோது அதில் அன்பு இருந்ததா என்று இன்னொரு நாளும் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் முழுவதும் எண்ண மறந்தவர், பரவலான வழக்கப்படி, எஞ்சிய நாள்களை ஆசிமொழி இல்லாமல் எண்ணித் தொடர்வார்.

1796இல் அச்சான 'தன்யா' என்ற நூலில், யூத பக்தி இயக்கமான ஹசிடியத்தின் குரு ஷ்னேயர் சல்மான் காட்டும் 'பெய்னோனி' என்ற மனிதனையும் இங்கே குறிப்பிட வேண்டும். தீய விருப்பங்கள் அவனை விட்டு அகல்வதில்லை. ஆயினும் அவை தன் எண்ணத்தையும் சொல்லையும் செயலையும் ஆள அவன் இடம் கொடுப்பதில்லை. மனத்தில் தீய நினைப்பு எழுவதையே தோல்வியாகக் கருதி வருந்துவோருக்கு இந்த வரையறை பெரும் ஆறுதல் தரும்.

கபாலாவின் பெயரால், காப்பாக மணிக்கட்டில் கட்டச் சிவப்புக் கயிறு விற்பவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. யூதரல்லாதவர் ஓமர் முறையைத் தன்னாய்வுக்குக் கடன் வாங்குவதில் தவறில்லை. ஆனால் கட்டளைகளையும் ஆசிமொழியையும் நீக்கிய பின் கையில் மிஞ்சுவதைக் கபாலா என்று அழைக்க எனக்குத் தயக்கம் உண்டு.