வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளைப் பார்த்தாலே குழப்பமாக இருக்கிறது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பக்கவாட்டில் காட்டும் குறுக்குவெட்டு வரையும் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்க முடியுமா?

முடியும். நீங்கள் அநேகமாக இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறீர்கள், வரைந்து பார்த்திருக்க மாட்டீர்கள். புவியியலில் மனப்பாடமே கூடாது என்று சொல்ல வரவில்லை, யாரும் சண்டைக்கு வராதீர்கள். இந்த ஒரு கேள்விக்கு அது உதவாது, அவ்வளவுதான்.

அளவை 1:50,000, அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே உயர வேறுபாடு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேட்ட இரண்டு புள்ளிகளையும் பென்சிலால் இணைத்து, அந்தக் கோட்டின் மேல் நேர் விளிம்புள்ள காகிதத் துண்டை வையுங்கள். சம உயரக் கோடு விளிம்பைத் தொடும் இடமெல்லாம் கீறல் போட்டு, உயரத்தை அங்கேயே எழுதுங்கள். அப்புறம் எழுதலாம் என்று விட்டால் துண்டை நகர்த்தியதும் எது எந்தக் கோடு என்றே தெரியாது. எண் இல்லாத கோட்டுக்கு, பக்கத்தில் உள்ள தடித்த கோட்டிலிருந்து இருபது இருபதாக எண்ணுங்கள். பிறகு துண்டை விடைத்தாளில் வரைந்த அடிக்கோட்டில் வைத்து, ஒவ்வொரு கீறலுக்கும் நேர் மேலே அதன் உயரத்தில் புள்ளி வைத்து, புள்ளிகளை இணையுங்கள்.

தவறு அதிகம் நடப்பது, ஒரே உயரம் அடுத்தடுத்து இரண்டு முறை வரும் இடத்தில்தான். 180, மறுபடி 180. நடுவில் பள்ளமா, மேடா? கோடுகள் ஆங்கில 'வி' போல வளைந்திருந்தால் கூர்முனை எந்தப் பக்கம் என்று பாருங்கள். உயரமான பக்கம் நோக்கினால் பள்ளத்தாக்கு. ஆறு ஓடினால் சந்தேகமே வேண்டாம். தாழ்ந்த பக்கம் நோக்கினால் மலையிலிருந்து நீளும் முகடு. உச்சியிலும் இதே கதைதான். கடைசிக் கோடு 240 என்றால் தலையைத் தட்டையாக வெட்டாதீர்கள். 240-ஐத் தாண்டி, 260-ஐத் தொடாமல் வளைத்து முடியுங்கள்.

செங்குத்து அளவைக்கு 1 செ.மீ. = 100 மீட்டர் போதும். கிடையில் 1 செ.மீ. என்பது 500 மீட்டர். ஆக உயரம் 5 மடங்கு மிகைப்படுகிறது. இதைப் படத்துக்குக் கீழே எழுதுங்கள். சிறு குன்று செங்குத்துப் பாறை போலத் தெரிவது இதனால்தான், நீங்கள் பிழையாக வரைந்ததால் அல்ல. சரிவு விகிதத்தைப் படத்தில் அளக்கவும் கூடாது. உயர வேறுபாடு 120 மீட்டர், வரைபடத்தில் தூரம் 4.8 செ.மீ. என்றால் தரையில் 2,400 மீட்டர், விகிதம் 1:20. ஒன்றை மீட்டரிலும் மற்றதைக் கிலோமீட்டரிலும் விட்டுவிட்டு வகுப்பவர்கள்தான் விபரீதமான விடையோடு வருவார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். மாதிரித் தேர்வுகளுக்கு வரைபடத்தைச் சுருக்கி நகலெடுத்துவிட்டு, ஓரத்தில் 1:50,000 என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். தாள் சுருங்கினால் அந்த எண் பொய். தூரத்தைக் கோடாக வரைந்து காட்டும் கோட்டு அளவை கூடவே சுருங்கும், அது மட்டும்தான் சரியாக இருக்கும். அது இருந்தால் அதையே நம்புங்கள். இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டர் கட்டத்தின் பக்கத்தை அளங்கள். 2 செ.மீ. இருக்க வேண்டும். 1.6 இருந்தால் உண்மையான அளவை 1:62,500. அதை வைத்துக் கணக்குப் போட்டு, ஏன் அப்படிப் போட்டீர்கள் என்பதையும் விடைத்தாளில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.