முதலில் முகத்தைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் டென்வரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ராக்கி மலை தேசியப் பூங்காவில் இந்த வரி அணிலைப் படம் எடுத்தேன். மகள் இது சிப்மங்க் என்ற சின்ன அணில் வகை என்கிறாள், மருமகன் தரை அணில் என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: மருமகனுக்கே வெற்றி. இது கோல்டன் மேன்டில்டு தரை அணில். முதுகு வரியைப் பார்த்ததும் சிப்மங்க் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், ஆனால் பார்க்க வேண்டிய இடம் முகம். சிப்மங்க்காக இருந்தால் மூக்குப் பக்கத்திலிருந்து கண் வழியாகக் காது வரை கோடுகள் ஓடும். உங்கள் படத்தில் கன்னம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் மட்டும்தான். தலையும் தோளும் பொன் போர்வை போர்த்திய மாதிரி செம்பொன் நிறம், அதனால்தான் அந்தப் பெயர். விலாவில் ஒரு வெள்ளைப் பட்டை, அதன் இருபுறமும் கறுப்பு, அதுவும் தோளோடு நின்றுவிடுகிறது. நடுமுதுகில் கோடே இல்லை, சிப்மங்க்குக்கு அங்கேயும் ஒரு கருங்கோடு உண்டு.

கேள்வி: முகம் தெரியாத தூரத்தில் ஓடினால்?

பதில்: வாலைப் பாருங்கள். அங்கே இருக்கும் சிறிய வகைச் சிப்மங்க் வாலைக் கொடிக்கம்பம்போல நட்டுக்கொண்டு ஓடும், ஐம்பது கிராம்கூட இருக்காது. தரை அணில் குண்டு, அதைப்போல மூன்று நான்கு மடங்கு எடை. ஆனால் கோடையில் வளையைவிட்டு வெளியே வரும் தரை அணில் குட்டி சிப்மங்க் அளவில்தான் இருக்கும் என்பதால் உருவத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். கன்னத்தில் தீனி அடைத்திருப்பதை வைத்தும் சொல்ல முடியாது, இரண்டுக்குமே கன்னப்பை உண்டு. இலையுதிர்காலத்தில் உருண்டு திரண்டு திரிந்தால் பெரும்பாலும் தரை அணில்தான், ஏனென்றால் அது குளிர்காலத் தூக்கத்தை உடம்பில் ஏற்றிய கொழுப்பை வைத்தே ஓட்டுகிறது. சிப்மங்க் நடுநடுவே எழுந்து சேர்த்து வைத்ததைத் தின்னும்.

அப்புறம், படத்தின் ஓரத்தில் யாரோ வேர்க்கடலையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பூங்காவில் விலங்குகளுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். அதோடு அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தரை அணில்களின் உடலில் இருக்கும் தெள்ளுப்பூச்சி பிளேக் நோயைப் பரப்பக்கூடியது. கடலையை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள்!