இஸ்தான்புல்லில் எங்கே தங்குவது? கேள்வி பதில்

கேள்வி: முதல்முறை போகிறோம். கையில் மூன்றே நாள். எந்தப் பகுதியில் அறை எடுக்கலாம்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், சுல்தானஹ்மத். ஹாகியா சோபியா, நீல மசூதி, தோப்காப்பி அரண்மனை எல்லாமே நடந்து போகும் தூரம். விடிந்ததும் மசூதியை ஒட்டிய பழைய குதிரைப் பந்தயத் திடலுக்குப் போய்விடுங்கள். எகிப்திலிருந்து கொண்டுவந்து கி.பி. 390-இல் நிறுத்திய கல்தூண் முன்னால் கூட்டமே இல்லாமல் நிற்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அங்கே தங்கச் சொல்வேன். அப்புறம், செவ்வாயன்று அரண்மனைக்கு விடுமுறை.

கேள்வி: இரவில் அங்கே ஊர் சீக்கிரம் அடங்கிவிடுமாமே?

பதில்: ஆமாம். ராத்திரிக் கலகலப்பு வேண்டுமென்றால் கலாத்தா பாலத்துக்கு அந்தப் பக்கம், பெயோலு பகுதி. ஆனால் இஸ்திக்லால் தெருவைப் பார்த்த அறை மட்டும் வேண்டாம், தூங்க முடியாது.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு முழங்கால் வலி. கலாத்தா கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன்.

பதில்: தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வரைபடம் தூரத்தைத்தான் காட்டும், மேட்டைக் காட்டாது. கீழே கரையோரம் இருக்கும் கராகோய் பகுதியிலிருந்து கோபுரம் வரை கல் பாவிய செங்குத்துத் தெருக்கள். அந்த ஏற்றத்துக்குப் பயந்துதான் 1875-லேயே துனெல் என்ற சுரங்க ரயிலைப் போட்டார்கள், இன்றும் ஓடுகிறது. பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்டும் இருக்காது. சுல்தானஹ்மத்திலும் கடலை நோக்கி இறங்கும் தெருக்கள் வேண்டாம், திரும்பி வரும்போது ஏற வேண்டும். சிர்கெசி ரயில் நிலையத்தை ஒட்டிப் பாருங்கள். அங்கே தரை ஓரளவு சமம், டி1 டிராம் பக்கத்திலேயே நிற்கும், எமினோனு படகுத்துறையும் அருகில். எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்று முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆசியக் கரையில் கடிகோய் எப்படி?

பதில்: இரண்டாவது பயணத்துக்கு அருமை. நல்ல சந்தை, உள்ளூர்க்காரர்களின் ஊர். எமினோனுவிலிருந்து படகில் சுமார் 20 நிமிடம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆசியக் கரையிலேயே இருக்கும் சபிஹா கோக்சென் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு இது இன்னும் வசதி.

கேள்வி: விடியற்காலை பாங்கு சத்தம் எழுப்பிவிடுமா?

பதில்: எழுப்பும். பழைய நகரில் எங்கே தங்கினாலும் பக்கத்தில் ஒரு பள்ளிவாசல் இருக்கும். லேசாகத் தூங்குகிறவர் என்றால் காதில் வைக்கப் பஞ்சு எடுத்துப் போங்கள். நானாக இருந்தால் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்பேன்.