டி.சி.யை வாங்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஆட்டிசம் என்று அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். வகுப்பில் உட்காரமாட்டான், திடீரென்று வெளியே ஓடிவிடுவான். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மேடம் வந்து அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறார். தலைமை ஆசிரியை, "டி.சி. தர்றேன், ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துடும்மா" என்கிறார். அது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கணவரும் அதையே சொல்கிறார். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: முதல் வேலை, டி.சி. கேட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. விரும்ப வேண்டியது நீங்கள்தான். மகனுக்கு யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். சதவீதம் அதில்தான் இருக்கும்.

தலைமை ஆசிரியை மேல் கோபப்பட வேண்டாம். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்குச் சட்டப்படி இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் இருவர் பிரித்துக்கொண்டு, எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவும் செய்துகொண்டு, நடுவில் ஒரு பையன் கேட்டைத் தாண்டி ஓடினால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

வந்துபோகும் மேடம், வட்டார வள மையத்தின் (ஒன்றிய அளவில் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை மையம்) சிறப்புப் பயிற்றுநராக, அதாவது மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவராக இருப்பார். (மனுவில் 'சிறப்பாசிரியர்' என்று எழுதிவிடாதீர்கள், அரசுக் கணக்கில் அது ஓவியம், தையல், உடற்கல்வி சொல்லித் தருபவர்.) ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறவர்கள் இவர்கள். தொடக்கப்பள்ளியில் மாற்றுத்திறன் பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு பயிற்றுநர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. அந்தக் கணக்கு உங்கள் ஊருக்கு வந்து சேரும்வரை, கையில் இருப்பது அந்த அரை மணி நேரம்தான்.

அதை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. பையனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் மணி கோக்க வைத்தால் அது அந்த அரை மணியோடு சரி. மற்ற நாளெல்லாம் அவனை வைத்திருப்பவர் வகுப்பு டீச்சர். மேடம் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். பிரேயர், பாடம், சாப்பாடு, விளையாட்டு என்று அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டலாம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத தவிப்பில் எழுந்து ஓடும் பிள்ளைகள் பலர். வாசலுக்கு எதிர்ப்பக்கம், டீச்சர் கைக்கெட்டும் தூரத்தில் இடம் கொடுக்கலாம். அவன் ஓடுவதற்கு முன்பே, பக்கத்து வகுப்புக்குச் சாக்பீஸ் கொண்டுபோகிற வேலை கொடுத்து எழுப்பிவிடலாம். மணிச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறானா, எதைக் கண்டால் அமைதியாகிறான் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், தலைமை ஆசிரியைக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். மகன் பெயர் எமிஸில் மாற்றுத்திறன் மாணவர் என்று பதிவாகியிருக்கிறதா, பயிற்றுநர் எந்தெந்த நாளில் வருவார், அவனுக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும். பயணப்படி, துணையாள் படி கிடைக்குமா என்று வட்டார வள மையத்தில் விசாரியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான்; அங்கேயும் எழுந்து பேசுங்கள்.

சிறப்புப் பள்ளியை நான் குறை சொல்லவில்லை. தினமும் பேச்சுப் பயிற்சி வேண்டிய பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் ஏழு வயதில் தினம் எண்பது கிலோமீட்டர் பஸ், இல்லையென்றால் ஹாஸ்டல். மேலே சொன்னதை ஒரு வருஷம் செய்து பார்க்காமல் நான் அனுப்ப மாட்டேன். அடுத்த முறை மேடம் வரும் நாளில் உங்கள் கணவரை லீவு போடச் சொல்லி, அவரையும் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள்.