பெயர் பொறித்த கற்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டெல்லியில் இந்தியா கேட் இருக்கும்போது, அதன் பக்கத்திலேயே இன்னொரு போர் நினைவுச் சின்னம் எதற்கு? அமர் ஜவான் ஜோதியை அங்கிருந்து கொண்டுபோனது சரிதானா? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: இந்தியா கேட், ஆங்கில ஆட்சி தன் படையில் சேவை செய்து மடிந்த இந்தியர்களுக்காக எழுப்பியது. எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த, 42 மீட்டர் உயரமுள்ள அந்த வளைவுக்கு 1921இல் அடிக்கல் நாட்டி, 1931இல் திறந்தார்கள். முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் இறந்தவர்களில் 13,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. விடுதலைக்குப் பிறகு காஷ்மீரிலும் சீன எல்லையிலும் உயிர் விட்டவர்களின் பெயர்களுக்கு அதில் இடமில்லை. 1971 போர் முடிந்ததும், தலைகீழாக நிறுத்திய ஒரு துப்பாக்கியையும் அதன் மேல் ஒரு தலைக்கவசத்தையும் வளைவின் கீழ் வைத்து, 1972 ஜனவரி 26 அன்று அமர் ஜவான் ஜோதி என்ற அணையா விளக்கை ஏற்றினார்கள். அந்த விளக்கின் முன் தலைவர்கள் ஆண்டுதோறும் மலர்வளையம் வைத்தார்கள். மகனை இழந்த தாய் ஒருத்தி அங்கே போனால், அவன் பெயரை விரலால் தடவிப் பார்க்க ஓர் எழுத்து இல்லை.

2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னம் அந்தக் குறையைத்தான் தீர்த்தது. நான்கு வட்டங்கள் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த அதில், தியாகச் சக்கரம் எனப்படும் வட்டத்தின் 16 சுவர்களில், திறப்பு நாளிலேயே 25,942 பெயர்கள் பொன்னெழுத்தில் இருந்தன. ஒரு வீரருக்கு ஒரு கருங்கல் பலகை. இதை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சக்கரவியூகத்தை மனத்தில் கொண்டு அமைத்த வடிவம் என்கிறார்கள். உள்ளே போக மட்டும் தெரிந்து, வெளியே வரத் தெரியாமல் போன அபிமன்யுவை நினைத்தால், அந்த வடிவம் சொல்லாமல் சொல்வது அதிகம்.

இனி, விளக்கைப் பற்றி. 2022 ஜனவரி 21 அன்று இந்தியா கேட்டின் பழைய சுடரைப் புதிய நினைவுச் சின்னத்தின் சுடருடன் இணைத்தார்கள். 1971இல் இறந்தவர்களின் பெயர்கள் இல்லாத இடத்தில் அவர்களுக்கான விளக்கு எரிவது பொருந்தாது, இந்தியா கேட்டோ ஆங்கிலேயருக்காகப் போரிட்டவர்களின் சின்னம் என்பது அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட வாதம். முதல் பாதி எனக்கு உடன்பாடே. இரண்டாம் பாதிதான் உறுத்துகிறது. யாருடைய போர் என்றே தெரியாமல், மாதச் சம்பளத்தை நம்பிக் கப்பலேறி, பிரான்சின் சேற்றிலும் மெசபடோமியாவின் மணலிலும் செத்துப்போனவனும் இந்த நாட்டுக் கிராமத்துப் பிள்ளைதான். விளக்கு இரண்டு இடத்தில் எரிந்திருந்தால் எரிவாயுச் செலவு சற்றுக் கூடியிருக்கும்; அவ்வளவுதான்.

கேள்வி: நம்முடைய நடுகல்லையும் போர் நினைவுச் சின்னம் என்று சொல்லலாமா? (தேனி வாசகி)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். உங்கள் மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல் ஒன்றில், கூடலூர் ஆகோளில் இறந்த பேடு தீயன் அந்தவனின் கல் இது என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஆகோள் என்பது பிறர் மாடுகளைக் கவரும் சண்டை. யார், எங்கே, எதற்காக என்ற மூன்றும் அதில் அடங்கிவிட்டன. ‘பெயரும் பீடும் எழுதி’ வழிதோறும் நட்டு மயிற்பீலி சூட்டிய கற்களை அகநானூறு காட்டுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நடுகல்லை நட்டது இறந்தவனை முகம் தெரிந்த ஊர். டெல்லிக் கல்லை நட்டது அவனை எண்ணாலும் பதவியாலும் அறிந்த அரசு.

கேள்வி: நினைவுச் சின்னத்தை இடித்துவிட்டால் நினைவும் போய்விடுமா? (கடலூர் வாசகர்)

பதில்: சிங்கப்பூரில் அப்படித்தான் நினைத்தார்கள். 1945 ஜூலை 8 அன்று, கடற்கரையை ஒட்டிய எஸ்பிளனேடில், இந்திய தேசிய ராணுவத்தின் பெயர் அறியா வீரனுக்காக நேதாஜி அடிக்கல் நாட்டினார். அந்தப் படையில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். ‘ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்’ என்று பொருள்படும் மூன்று உருதுச் சொற்கள் அந்தச் சின்னத்தில் இருந்தன. செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலப் படை அதைத் தகர்த்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், சிங்கப்பூரின் மரபுடைமைக் கழகம் அதே இடத்தில், இங்கே இப்படி ஒரு சின்னம் இருந்தது என்று சொல்லும் நினைவுப் பலகையை வைத்தது; அங்குள்ள இந்தியர்களும் அதற்கு நிதி தந்தார்கள். இப்போது அந்தப் பக்கம் நடந்து போகிறவர்கள் நின்று படிப்பது, இடிக்கப்பட்ட ஒன்றைப் பற்றித்தான்.